கோடைக்கு மூன்று நாவல்கள்: வில்மிங்டன், 1898

ஜூன் மாதத்தில் பள்ளிகள் மூடும்போது, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலருடைய கையில் ஒரு புத்தகப் பட்டியல் கொடுக்கப்படும். விடுமுறை முடிந்து திரும்பும்போது அவற்றில் ஒன்றிரண்டையாவது படித்து முடித்திருக்க வேண்டும். இலக்கிய ஆசிரியர்கள் மட்டுமன்றி வரலாற்று ஆசிரியர்களும் இப்பட்டியலில் நாவல்களைச் சேர்ப்பதுண்டு. அடிமை முறைக்கு ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்', உள்நாட்டுப் போருக்கு மைக்கேல் ஷாராவின் 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்', சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்கு அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்', பெருமந்தக் காலத்துக்கு ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்று காலத்துக்கு ஒன்றாக அடுக்கிவிடலாம். பாடநூலின் வறட்சிக்கு நாவல் ஈரம் சேர்க்கும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் நாவலை மருந்தில் குழைத்த தேனாக மட்டும் கருதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டைன்பெக்கின் நாவலைப் படித்த பெரும்பாலோர், ஜோட் குடும்பம் புழுதிப்புயலால் ஊரை விட்டுப் பெயர்ந்தது என்றே நினைவில் வைத்திருப்பார்கள். அக்குடும்பத்தின் ஊர் சலிசா ஒக்லஹோமா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. புழுதிப்புயலின் மையமோ அதே மாநிலத்தின் மேற்கு முனை. அவர்களைத் துரத்தியது வங்கியும் டிராக்டரும்தான் என்பதை நாவலே தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் முதல் அத்தியாயத்துப் புழுதி மனத்தில் படிந்துவிடுகிறது. நல்ல நாவலின் ஆற்றல் இது. வரலாற்று மாணவனுக்கு இதுவே ஆபத்தும் ஆகும்.

எனவே காலத்துக்கு ஒரு நாவல் என்று பத்து நாவல்களைப் புரட்டுவதைவிட, ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எதிரெதிர்த் தரப்பினர் எழுதிய இரண்டு மூன்று நாவல்களை ஒரு கோடையில் படிப்பது மேல் என்பது என் எண்ணம். அதற்கு வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் 1898 நவம்பரில் நடந்ததைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தென்படவில்லை.

அன்று வில்மிங்டன் அம்மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். மக்களில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. குடியரசுக் கட்சியும் மக்கள் கட்சியும் கூட்டுச் சேர்ந்து 1894, 1896 தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியை வீழ்த்தியிருந்தன. 1898 தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் வெள்ளையர் மேலாதிக்கத்தையே வெளிப்படையான முழக்கமாக்கினர். அவர்களுக்கு ஒரு துருப்புச் சீட்டும் கிடைத்தது. வெள்ளைப் பெண்களைக் காக்கக் கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிடலாம் என்று ஜார்ஜியாவின் ரெபேக்கா ஃபெல்டன் ஆற்றிய உரைக்கு, 'டெய்லி ரெக்கார்ட்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் அலெக்சாண்டர் மேன்லி ஆகஸ்ட் மாதம் மறுப்பாகத் தலையங்கம் எழுதினார். இரு இனத்தாரிடையே விருப்பத்தின்பேரில் அமையும் உறவுகளும் உண்டு என்று அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. வெள்ளையர் பத்திரிகைகள் அத்தலையங்கத்தைத் தேர்தல்வரை மீண்டும் மீண்டும் அச்சிட்டன.

நவம்பர் 8 அன்று தேர்தலில் அவர்கள் வென்றனர். ஆனால் நகராட்சிக்கு அவ்வாண்டு தேர்தல் இல்லை. 10ஆம் தேதி ஆல்ஃப்ரட் மூர் வாடெல் தலைமையில் ஆயுதம் தாங்கிய கும்பல் மேன்லியின் அச்சகத்துக்குத் தீயிட்டது. தெருக்களில் துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது. மேயரும் நகர்மன்ற உறுப்பினர்களும் பதவி விலக வைக்கப்பட்டனர்; மாலைக்குள் வாடெலே மேயர். இறந்தோர் தொகை இன்றும் உறுதிப்படவில்லை. 14 என்பாரும் உளர், 60க்கும் மேல் என்பாரும் உளர். மக்கள் சதுப்புக் காடுகளிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஒளிந்தனர். 2000க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டே போயினர். 1900இல் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் மாநிலத்தின் கறுப்பின மக்களது வாக்குரிமை பறிக்கப்பட்டது.

இதைப் பற்றி நான்கே ஆண்டுகளுக்குள் மூன்று நாவல்கள் வந்தன.

முதலாவது 1900இல் வந்த 'ஹனோவர்'. ஜாக் தோர்ன் என்ற புனைபெயரில் எழுதியவர் டேவிட் பிரையன்ட் ஃபுல்டன். வில்மிங்டனில் வளர்ந்த கறுப்பினத்தவர். கலை என்ற அளவில் இது தேறாது. கதை நடுவில் நின்றுபோகும், சொற்பொழிவு தொடங்கும். ஆயினும் ஊரை அறிந்தவரின் கோபத்தை அதன் சூடு ஆறுமுன் கேட்க விரும்புவோர் இதைத் தவிர்க்க முடியாது.

இரண்டாவது 1901இல் சார்ல்ஸ் செஸ்னட் எழுதிய 'தி மாரோ ஆஃப் ட்ரெடிஷன்'. 1858இல் கிளீவ்லாந்தில் பிறந்து வட கரோலினாவில் வளர்ந்த செஸ்னட், தோற்றத்தில் வெள்ளையராகவே வாழ்ந்துவிட்டிருக்கக் கூடியவர், அதற்கு மறுத்தவர். தொழிலால் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். அந்தத் தொழிலின் பயிற்சி நாவலில் தெரிகிறது. யார் எப்போது எதைச் சொன்னார் என்பதில் அவருக்கு அசாத்தியக் கவனம். வில்மிங்டன் இதில் 'வெலிங்டன்' ஆகிறது. பத்திரிகை அலுவலகம் ஒன்றில் மூன்று வெள்ளையர் கூடுகின்றனர். கறுப்பினப் பத்திரிகையின் தலையங்கம் அவர்கள் கைக்கு வருகிறது. உடனே கொதித்தெழ வேண்டியவர்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள், தக்க தருணத்தில் வெளியிடுவதற்காக! என்னைக் கேட்டால் நாவலின் மிகக் கொடிய காட்சி இதுதான். பின்னால் வரும் துப்பாக்கிகள்கூட இவ்வளவு அச்சுறுத்துவதில்லை.

செஸ்னட் நடந்ததை நடந்தபடி எழுதவில்லை. கறுப்பின மருத்துவர் மில்லர் கட்டிய மருத்துவமனை நாவலில் எரிகிறது. வில்மிங்டனில் எரிந்தது அச்சகம். மறைக்கப்பட்ட உயில், ஒப்புக்கொள்ளப்படாத தங்கை என்று அக்கால மெலோடிராமாவின் சரக்குகளும் உண்டு. ஆனால் அந்த உயில் விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்திரிகையாசிரியரின் மனைவி ஒலிவியா, தன் தந்தை ஒரு கறுப்பினப் பெண்ணைச் சட்டப்படி மணந்ததற்கான சான்றிதழைக் கண்டெடுத்து நெருப்பில் இடுகிறாள். ஆவணம் சாம்பலான பின் தங்கைக்கு உரிமையும் இல்லை, வரலாறும் இல்லை. மேன்லியின் பத்திரிகையில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு சில இதழ்களே என்பதை நினைத்துக்கொண்டு இப்பகுதியைப் படித்தால் அது வெறும் மெலோடிராமாவாகத் தோன்றாது.

மூன்றாவது, தாமஸ் டிக்சன் 1902இல் வெளியிட்ட 'தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்'. இவரும் வட கரோலினாக்காரர், பாப்டிஸ்ட் போதகர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகத்தைப் பார்த்துச் சினமுற்று அதற்குப் பதிலாக எழுதினார். ஸ்டோவின் கொடிய அடிமை எஜமானன் சைமன் லெக்ரீயையே தூக்கிவந்து, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின வாக்குகளால் கொழுக்கும் அரசியல்வாதியாக்கினார். இந்நாவலிலும் வெள்ளையர் கூடிப் பிரகடனம் வெளியிடுகின்றனர். கறுப்பினப் பத்திரிகையாசிரியர் விரட்டப்படுகிறார். ஆனால் இங்கே அது விடுதலைப் போர், கதாநாயகன் ஆளுநராகிறான்.

டிக்சனின் நூல் அமோகமாக விற்றது. செஸ்னட்டின் நூல் விற்கவில்லை. முன்னர் அவருடைய சிறுகதைகளைப் பாராட்டிய வில்லியம் டீன் ஹவல்ஸ்கூட இந்நாவல் கசப்பு மிக்கது என்று வருந்தினார். எழுத்தையே நம்பி வாழலாம் என்று தொழிலை விட்டிருந்த செஸ்னட் சுருக்கெழுத்துக்குத் திரும்பினார்.

டிக்சனின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. 1905இல் அவர் எழுதிய 'தி கிளான்ஸ்மன்', 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' திரைப்படமாயிற்று. படத்தின் எழுத்து அட்டைகளில் வரலாற்றறிஞரும் அன்றைய அதிபருமான உட்ரோ வில்சனின் நூலிலிருந்து வரிகள் காட்டப்பட்டன. வெள்ளை மாளிகையிலேயே படம் திரையிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலைமீது கு க்ளக்ஸ் க்ளான் புத்துயிர் பெற்றது. 1936இல் 'கான் வித் த விண்ட்' எழுதிய மார்கரெட் மிட்செல், தாம் டிக்சனின் நூல்களைப் படித்தே வளர்ந்ததாக அவருக்கே கடிதம் எழுதினார். நாவல் வரலாற்றைச் சொல்வது ஒருபுறமிருக்க, வரலாற்றைச் செய்யவும் செய்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று கிடைப்பது அரிது.

வில்மிங்டனில் நடந்தது 'இனக் கலவரம்', அதுவும் கறுப்பினத்தவரால் மூண்டது என்ற கதை பாடநூல்களிலும் நீண்ட காலம் நிலைத்தது. வட கரோலினா சட்டமன்றம் 2000இல் ஆணையம் அமைத்து, 2006இல் அதன் அறிக்கை வெளிவந்தது. தற்செயலாக வெடித்த கலவரமன்று, மாதக்கணக்கில் திட்டமிட்ட சதி என்று அது முடிவுகூறியது. செஸ்னட் அந்தப் பத்திரிகை அலுவலகக் காட்சியை எழுதி அப்போது 105 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோடையில் முயல விரும்புவோர் செஸ்னட்டில் தொடங்குவது நல்லது. அடுத்து டிக்சன், சரளமாக ஓடும், அந்தச் சரளமே கவனிக்க வேண்டியது. பதினைந்து வயது மாணவனிடம் இதைத் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. தோர்னை இடையிடையே புரட்டலாம். கடைசியாக 2006 அறிக்கை. அல்லது அது நீளம் என்று அஞ்சுவோர் டேவிட் ஜுக்கினோ 2020இல் எழுதி புலிட்சர் பரிசு பெற்ற 'வில்மிங்டன்ஸ் லை'. மூன்று நாவல்களும் காப்புரிமைக் காலம் கடந்தவை; வட கரோலினாப் பல்கலைக்கழகம் மூன்றையுமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'டெய்லி ரெக்கார்ட்' பத்திரிகையின் எஞ்சிய இதழ்களும் மின்வடிவில் கிடைக்கின்றன.