சில்லர் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? கட்டடம் எழும் முன்பே சொல்லும் 3 வளைகோடுகள்!

மால், மருத்துவமனை, ஐ.டி. பார்க்... இங்கெல்லாம் நம்ம வீடு மாதிரி அறைக்கு ஒரு ஏசி இருக்காது. 'சில்லர்' என்ற பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிர்வித்து கட்டடம் முழுக்க அனுப்பும். இதற்கு ஆகும் கரண்டை, கட்டடம் கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் கணக்கு போடுகிறார்கள். அதற்கு அடிப்படை 'பெர்ஃபார்மன்ஸ் கர்வ்' எனப்படும் செயல்திறன் வளைகோடுகள். இதில் தப்பு நடந்தால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும். எப்படி?

எதற்கு வளைகோடு?

சில்லர் விளம்பரத்தில் ஒரே ஒரு எண்தான் பெரிதாக இருக்கும். உதாரணத்துக்கு 'சி.ஓ.பி. 6'. அப்படின்னா, 1 யூனிட் கரண்டுக்கு 6 யூனிட் குளிர்ச்சி. 500 டன் சில்லர் சுமார் 1,758 கிலோவாட் குளிர்ச்சி தரும். முழு லோடில் சுமார் 293 கிலோவாட் மின்சாரம் எடுக்கும்.

ஆனால் இது ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மட்டும்தான். சில்லரிலிருந்து வெளியே போகும் குளிர்ந்த தண்ணீர் 6.7 டிகிரி, கூலிங் டவரிலிருந்து உள்ளே வரும் தண்ணீர் 29.4 டிகிரி செல்சியஸ் என வைத்து அளந்தது. வருஷம் முழுக்க நிலைமை இப்படியே இருக்காது இல்லையா?

அந்த 3 வளைகோடுகள் எவை?

அமெரிக்க எரிசக்தித் துறையின் இலவச மென்பொருளான 'எனர்ஜிபிளஸ்' கேட்பவை இவை:

* தண்ணீரின் வெப்பநிலை மாறும்போது குளிரூட்டும் திறன் எவ்வளவு மாறும்?
* அதே மாற்றத்தில், ஒரு யூனிட் குளிர்ச்சிக்கு ஆகும் கரண்ட் எவ்வளவு மாறும்?
* பாதி லோடு, கால் லோடில் ஓடும்போது கரண்ட் எவ்வளவு குறையும்?

எப்படி உருவாக்குகிறார்கள்?

தயாரிப்பு நிறுவனம் தரும் அட்டவணையில் உள்ள அளவுகளை, அடிப்படை நிலையின் அளவால் வகுக்க வேண்டும். வரும் புள்ளிகளுக்கு நெருக்கமாகப் போகும் கோட்டைக் கணிதமுறையில் கண்டுபிடிப்பார்கள். முதல் இரண்டுக்கும் தலா 6 எண்கள், மூன்றாவதுக்கு 3. மொத்தம் 15 எண்கள்.

சரிபார்ப்பது சுலபம். அடிப்படை நிலையில் மூன்றுமே 1 என்று வர வேண்டும். டேட்டா இல்லாத வெப்பநிலைக்குக் கோட்டை நீட்டினால் நம்ப முடியாது.

எங்கே தப்பு நடக்கிறது?

மூன்றாவது வளைகோட்டில்தான். அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.ஐ. தர அளவீட்டில் லோடு குறையும்போது டவர் தண்ணீரின் வெப்பநிலையையும் குறைக்கிறார்கள். 75% லோடுக்கு 23.9 டிகிரி, 50% மற்றும் 25% லோடுக்கு 18.3 டிகிரி.

சென்னையில் டவர் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்குமா? வாய்ப்பே குறைவு. காற்றில் ஈரம் அதிகம். காற்றின் 'வெட் பல்ப்' வெப்பநிலைக்குக் கீழே டவரால் குளிர்விக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு: பாதி லோடில், 18.3 டிகிரியில், சில்லர் 30% கரண்ட் எடுக்கிறது என வைப்போம். அதை அப்படியே மூன்றாவது வளைகோட்டில் போட்டால், 29 டிகிரி தண்ணீருக்கும் கணக்கு 88 கிலோவாட் என்றே காட்டும். உண்மையில் சூடான தண்ணீரில் 43% தேவை என்றால், மீட்டரில் ஓடுவது 126 கிலோவாட்! தண்ணீர் உண்மையிலேயே குளிர்ந்தாலும் சிக்கல்தான். குளிர்ச்சியின் லாபம் இரண்டு முறை கணக்கில் சேர்ந்துவிடும்.

தீர்வு என்ன?

டவர் தண்ணீரை ஒரே வெப்பநிலையில் வைத்து, லோடை மட்டும் மாற்றி எடுத்த டேட்டாவை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால், வெப்பநிலையின் பங்கை முதலில் பிரித்தெடுத்த பிறகே மூன்றாவது கோட்டைப் போட வேண்டும்.

இந்தியாவின் எரிசக்தி சேமிப்பு கட்டட விதிமுறையில், இத்தகைய கம்ப்யூட்டர் கணக்கைக் காட்டியும் தகுதி பெறலாம். அதனால், 'இவ்வளவு கரண்ட் மிச்சமாகும்' என்று யாராவது ரிப்போர்ட் நீட்டினால், கட்டட உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த கர்வ் எந்த ஊர் வெப்பநிலைக்குப் போட்டது?"