எண்ணெய் எரிஞ்ச வருசம்

எங்கள் ஆச்சிக்குப் பிறந்த தேதி தெரியாது. யாராவது வயதைக் கேட்டால், "எண்ணெய் எரிஞ்ச வருசம் எனக்குப் பன்னிரண்டு நடந்தது" என்பாள். அதற்கு மேல் கணக்குப் போட்டுக்கொள்வது கேட்டவர் பாடு. ஆச்சி பிறந்தது திருநெல்வேலி டவுனில். வாக்கப்பட்டு வந்தது சீவலப்பேரிக்கு. எந்த எண்ணெய், எங்கே எரிந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. யார் வீட்டு அடுப்படியிலோ தீப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடையில் வேலை. கோடை விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவோம். 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் ஜனங்கள் பாஸ்தி சிறைக்கோட்டையைப் பிடித்த கதையை வகுப்பில் எங்களுக்கு வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சிறைக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர்தான் என்பது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் எங்கள் ஆச்சி பிறந்த ஊரில் 1908 மார்ச் 13 அன்று என்ன நடந்தது என்பது எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. அதைத் தெரியவைத்தது ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தை வெளியிட்டது சென்னைப் பதிப்பகம் அல்ல. நம் பக்கத்து ஊரான நாகர்கோவிலில் இருக்கும் பதிப்பகம்.

2024 டிசம்பரில் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். தமிழுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூல். கதைக்கும் கவிதைக்கும் பெரும்பாலும் போகும் விருது, இந்த முறை ஒரு வரலாற்று ஆராய்ச்சிக்குப் போயிருந்தது. பாளையங்கோட்டைக்குப் பென்ஷன் விஷயமாகப் போனபோது கடையில் கேட்டேன். எடுத்துக்கொடுத்த பையன், "நம்ம டவுன்ல நடந்ததுலா அண்ணாச்சி. நாகர்கோவில்ல போட்டிருக்காவ" என்றான். காலச்சுவடு பதிப்பகம் 2022-ல் வெளியிட்ட நூல் அது.

தலைப்பைக் கவனியுங்கள். எழுச்சி முதலில் வருகிறது, வ.உ.சி. பிறகுதான் வருகிறார். நம் தலைமுறைக்கு வ.உ.சி. என்றால் கப்பலும் செக்கும்தான். சினிமாவிலும் அப்படித்தான் பார்த்தோம். அவருக்காகத் தெருவில் இறங்கிய ஜனங்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நாம் விசாரிக்கவில்லை.

தெரிந்தவர்களும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தக் கம்பெனியின் இரண்டு கப்பல்கள் காலியா, லாவோ. காலியா என்பது பிரான்சு தேசத்தின் பழைய லத்தீன் பெயர். பள்ளியில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரில் ஒரு கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக ஓடியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடத் திட்டமிட்டார்கள். அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்ச், வ.உ.சி.யையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் கைது செய்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைகள் அடைத்துக் கிடந்தன. கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று அரசாங்கத்தின் அடையாளமாக இருந்ததெல்லாம் தீக்கு இரையாயின. மண்ணெண்ணெய்க் கிட்டங்கிக்கும் தீ வைத்தார்கள். அது நாள்கணக்கில் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மண்ணெண்ணெய்க் கிட்டங்கி. எண்ணெய் எரிஞ்ச வருசம். ஆச்சி சொன்னது அடுப்படித் தீ இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை தன் ஊர் வானத்தில் பார்த்த வெளிச்சம் அது. சாகும்வரை அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் அவள் தன் வயதை எண்ணினாள். பாஸ்தியில் இருந்த ஏழு பேர் கணக்கு எனக்குத் தெரியும். திருநெல்வேலியில் செத்த நான்கு பேர் கணக்குத் தெரியாது. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு நடந்ததும் கொடுமை. ஊருக்குத் தண்டப் போலீஸ் வைத்து, அதற்கான செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. அதே 1908-ல் பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பத்து ஆண்டு அங்கே இருந்தார். அவர் நடமாடிய தெருக்களில்தான் நான் புத்தகப் பையோடு நடந்து பாஸ்தியை ஒப்பித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு விரிவான ஒரு தமிழ் நூல் வர ஏன் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று? இதற்கு ஒரு குமாஸ்தாவாக எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். அரசாங்க ஆபீஸில் ஒரு கோப்பு முடிந்தால் அதற்கு ஒரு முத்திரை உண்டு. எல்.டிஸ். என்றால் ஓராண்டில் அழித்துவிடலாம். கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். என்றால் பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் 1908 கலகத்தை மறந்துவிட விரும்பவில்லை. அவன் பதிவுகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவை இங்கிலீஷில், அவன் பார்வையில் இருந்தன. நம் பக்கத்து நினைவு ஆச்சிகளின் வாயில் இருந்தது. ஆச்சிகள் போனதும் அதுவும் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழிக்க வேண்டும். வேங்கடாசலபதி பதினேழு வயதில் வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து 1984-ல் வெளியிட்டவர். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். விருது வாங்கிய புத்தகம் வந்தது அந்த முதல் நூலுக்கு 38 ஆண்டு கழித்து. இப்படி ஒருவர் உழைக்கும்போது, காத்திருந்து அச்சுப் போட ஒரு பதிப்பகமும் வேண்டும்.

காலச்சுவடு முதலில் ஒரு பத்திரிகை. எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1988-ல் நாகர்கோவிலிலிருந்து தொடங்கினார். சில காலம் நடந்து நின்றுபோயிற்று. 1994-ல் அவர் மகன் கண்ணன் அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தார். அடுத்த ஆண்டு பதிப்பகமும் வந்தது. தமிழ்ப் பதிப்பகம் என்றால் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. அச்சகம், கடை, நூலக ஆர்டர் எல்லாம் அங்கே. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் போடுவதை வீம்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நம் ஜில்லாவுக்கு அந்தப் பதிப்பகம் செய்த முதல் பெரிய காரியம் புதுமைப்பித்தன். 1948-லேயே மறைந்துவிட்டவர். அவர் கதைகள் கண்டபடி அச்சாகி, பிழை மலிந்து கிடந்தன. நூலில் சேராமல் விட்டுப்போனவற்றை 1998-ல் 'அன்னை இட்ட தீ' என்ற பெயரிலும், முழுக் கதைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு 2000-லும் இதே வேங்கடாசலபதியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டார்கள். திருநெல்வேலியில் வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதிய தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை முதலில் தானேதான் வெளியிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் அதையும் காலச்சுவடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

இந்தப் பதிப்பகத்துக்குச் சோதனையும் வந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். நாலாண்டு கழித்து எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் சமாதானக் கூட்டம். அதில் எழுத்தாளர் வருத்தம் தெரிவித்து, புத்தகங்களைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சமாதானக் கூட்டம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடவடிக்கைக் குறிப்பைத் தயாராக டைப் செய்து வைத்திருப்போம். வாசலில் கூட்டம் நிற்கும். சட்டம் ஒழுங்கு கெடக்கூடாது என்ற கவலைதான் எல்லோருக்கும். யார் எளியவரோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வாய்க்கால் தகராறிலும் கொடைத் தகராறிலும் அப்படிப்பட்ட காகிதங்களை நானே நீட்டியிருக்கிறேன். அது நியாயமா என்று அப்போது யோசித்ததில்லை.

அந்தச் சமயத்தில் பதிப்பகம் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. எழுத்தாளரோடு நின்றது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்தச் சமாதான ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அவர் மறுபடி எழுத வந்தார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் நாம் பத்திரிகையில் பார்த்த வெற்றிகள். 2023-ல் அவருடைய 'பூக்குழி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நூல் அது. அதே ஆண்டு 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில வடிவம் ஜேசிபி பரிசு பெற்றது. 2022-ல் பிரெஞ்சு அரசாங்கம் கண்ணனுக்குச் செவாலியே விருது கொடுத்தது. சிவாஜி கணேசனால் நமக்குப் பழகிப்போன சொல். நேர்ப்பொருள் குதிரை வீரன் என்பது. பிரெஞ்சு நூல்களை நேரடியாகத் தமிழாக்கி வெளியிடுவதும் இவர்கள் செய்துவரும் வேலை. லெ கிளேசியோவின் முதல் நாவல் 'குற்ற விசாரணை' என்று இவர்களிடம்தான் வந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு, இதை நினைத்தால் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வரும்.

ஊரில் இருந்துகொண்டே புத்தகம் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. 1920-ல் திருநெல்வேலியில்தான் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பிறந்தது. வ. திருவரங்கம் பிள்ளையும் தம்பி வ. சுப்பையா பிள்ளையும் பங்கு சேர்த்து நடத்திய லிமிடெட் கம்பெனி. வ.உ.சி. கப்பலுக்குப் பங்கு சேர்த்தார். பதினாலு ஆண்டு கழித்து இவர்கள் புத்தகத்துக்குப் பங்கு சேர்த்தார்கள். கப்பல் கம்பெனியை மூடிவிட முடிந்தது. கழகத்தின் சங்க இலக்கியப் பதிப்புகள் இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சீவலப்பேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சினிமாதான் ஞாபகம் வரும். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் இந்த இடம்தான் பழைய முக்கூடல், பள்ளு பாடப்பட்ட ஊர் என்று சொன்னால் நம்மூர்ப் பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள். எழுதி அச்சில் ஏற்றி, விற்காவிட்டாலும் திரும்பத் திரும்பப் போட ஒருவர் இல்லாவிட்டால், ஓர் ஊர் இப்படித்தான் ஒரு பெயரோடு நின்றுபோகும். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பதிப்பகம் செய்வது, நம் நினைவின்மேல் ஆர்.டிஸ். முத்திரை போடும் வேலை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'எண்ணெய் எரிஞ்ச வருசம்' இருக்கும். வெள்ளம் வந்த வருசம், பேதி வந்த வருசம், ரயில் வந்த வருசம் என்று. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நான் கேட்கவில்லை.

ஆச்சி 1966-ல் இறந்தாள். பஞ்சாயத்து ஆபீஸில் வயது 'சுமார் 75' என்று எழுதிக்கொண்டார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1908-ல் பன்னிரண்டு என்றால், 1896. ஆச்சிக்கு எழுபதுதான் ஆகியிருந்தது.