டம்மி: அச்சுக்குப் போகாத முதல் பிரதிக்கு ஓர் அஞ்சலி

பத்திரிகை ஆபீசில் அதை டம்மி என்போம். நியூஸ்பிரிண்ட் தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, லேசர் பிரிண்ட்டை வெட்டி ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டிய ஒரே ஒரு பிரதி. அடுத்த மாத இதழ் முழுக்க அதற்குள் இருக்கும். அச்சகம் போவதற்கு முன்னால் ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிவப்பு மையில் கிறுக்குவார். இதழ் வெளியானதும் டம்மி எடைக்குப் போய்விடும். இப்போது அந்த வழக்கமே போய்விட்டது. என்றைக்குப் போனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நார்த்தாமலைக்காரி. 1996இல் சென்னையில் ஒரு பெண்கள் மாத இதழில் சேர்ந்தேன். உதவி ஆசிரியராக அல்ல, உதவியாளராக. ஃபேஷன் பக்கத்துக்குத் தி.நகர் கடைகளில் புடவை இரவல் வாங்க வேண்டும், படம் எடுத்து முடிந்ததும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாடலுக்கு ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் ஊக்கு குத்த வேண்டும். இவ்வளவுக்கும் மேலே டம்மி.

எங்கள் இதழ் 96 பக்கம், பதினாறு பக்க ஃபாரம் ஆறு. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே தாளில் ஒரு ஜோடி உண்டு. இரண்டு எண்ணையும் கூட்டினால் 97 வரும். 10க்கு 87, 41க்கு 56. கடைசி நேரத்தில் ஒரு புடவைக் கடை 10ஆம் பக்கத்துக்குக் கலர் விளம்பரம் கொடுத்தால் 87ஆம் பக்கமும் கலர் மெஷினுக்குப் போகும். அங்கே ஊறுகாய்க் குறிப்பு இருந்தால் அதைத் தூக்கிவிட்டுப் பட்டுப்புடவையைக் கொண்டுவர வேண்டும். ஊறுகாய் போகிற இடத்தில் இருந்ததற்கு வேறு இடம் தேட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்து, விரல் ஒட்ட ஒட்ட, 97ஐக் கழித்துக்கொண்டிருப்பேன். இன்றும் பேருந்துச் சீட்டில் ஓர் எண்ணைப் பார்த்தால் மனசு அதன் ஜோடியைத் தேடுகிறது.

ஒட்டி முடித்ததும் டம்மியை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் மேடத்தின் வீட்டுக்குப் போவேன். வாசலில் கொடுத்துவிட்டு வர முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். சில நாள் பன்னிரண்டு மணி ஆகும். திட்டும் விழும். அழுதுகொண்டே விடுதிக்குத் திரும்பிய இரவுகளும் உண்டு.

லாரன் வெய்ஸ்பெர்கரின் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' நாவல் 2003இல் வந்தது. நியூயார்க்கில் 'வோக்' இதழின் ஆசிரியராக இருந்த அன்னா வின்டூரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். நாவலில் ஆண்ட்ரியா என்ற பெண் இரவுதோறும் ஆபீசில் காத்திருந்து, அடுத்த இதழின் மாதிரிப் பிரதியை முதலாளியம்மாவின் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறாள். அங்கே அதை 'புத்தகம்' என்றே சொல்கிறார்கள். 2006இல் வந்த படத்தில் மெரில் ஸ்ட்ரீப்பின் நடிப்பையும் உடைகளையும் எல்லாரும் பேசினார்கள். என் கண் அந்தப் பெண்ணின் கையிலிருந்த கனத்த புத்தகத்திலேயே இருந்தது. அட, இது நம் டம்மி!

ஒரு பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தையல் கடை வைத்திருந்த அத்தை கையில் எங்கள் இதழ்.

"ஏத்தா, முன்கழுத்து எட்டரை, பின்கழுத்து ஆறுன்னு போட்டிருக்கே. முன்கழுத்து எட்டரைன்னா எவ போடுவா?"

அளவு மாறிப் போயிருந்தது. அத்தைக்குத் தொழில் தெரியும், துணியில் கை வைக்கவில்லை. "படிச்சுப் பழகுற புள்ளைங்க ரெண்டு பேரு வெட்டிருச்சுங்க. ஒண்ணு கல்யாணத் துணி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அந்த மாத டம்மியைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, எடைக்குப் போகவில்லை. 41ஆம் பக்கத்தில் அளவுக்குப் பக்கத்திலேயே மேடத்தின் சிவப்பு மை: 'டெய்லரிடம் கேட்டாயா?' அதன் கீழே நீல மையில் ஒரு டிக். அந்த டிக் என்னுடையது. யாரிடமும் கேட்காமல் போட்டது.

நானே கொண்டுபோய்க் காட்டினேன். அன்றைக்கு மேடம் திட்டவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். பிறகு, "அந்த அத்தை அட்ரஸ் கொடு" என்றார். அது முதல் தையல் பக்கத்தின் அளவுச் சீட்டு மாதாமாதம் தபாலில் நார்த்தாமலைக்குப் போனது. பென்சிலில் திருத்தி அத்தை அனுப்புவார். அந்தச் சீட்டையே டம்மியில் ஒட்டுவேன். எட்டாவதுவரை படித்த ஒரு தையல்காரரின் பென்சிலும், ஆசிரியரின் சிவப்பு மையும், என் நீல மையும் ஒரே தாளில் இருந்தன. தவறு யாருடையது, யார் கண்டுபிடித்தது என்பதெல்லாம் அந்தத் தாளில் அப்படியே நிற்கும். நான் தொழில் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தபோது டம்மி சாகவில்லை. பிடிஎஃப் வந்த பிறகுதான் படுத்தது. பக்கங்கள் மின்னஞ்சலில் போயின. திருத்தம் போட்டதும் பழைய பக்கம் அழிந்துவிடும், யார் எதைக் கேட்டார்கள் என்பதும் அதோடு போய்விடும். 2020 ஊரடங்கில் பத்திரிகைகளுக்கே ஆபத்து வந்தது. 1941இல் தொடங்கிய 'கல்கி'யும், அதே நிறுவனத்தின் 'மங்கையர் மலர்' மாதிரி வீடு வீடாகப் போன இதழும் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போயின. மடிக்கத் தாளே இல்லாத இடத்தில் 41க்கு ஜோடி எது என்று யார் கணக்குப் பார்ப்பார்கள்?

வேலையை விட்டபோது ஒரே ஒரு டம்மியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஊர் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அத்தை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கடையை அவர் மகள் நடத்துகிறாள். இப்போது வருகிற பெண்கள் போனில் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேணும்க்கா என்கிறார்கள். போன திருவிழாவில் அவள் டம்மியைப் பார்க்கக் கேட்டாள். கொடுத்தனுப்ப மனசு வரவில்லை, கடைக்கே எடுத்துப் போனேன்.

ரப்பர் சொல்யூஷன் காய்ந்து பொருக்காகியிருந்தது. தையல் பக்கத்தைத் திறந்ததும் அளவுச் சீட்டு கழன்று அவள் மடியில் விழுந்தது. திருப்பிப் பார்த்தாள். இத்தனை காலமும் ஒட்டுக்குள் இருந்த பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி. 'கைக்குழிக்கு அரை இஞ்சு கூட விடச் சொல்லு. எல்லாரும் ஒல்லியா இல்லை.'

"அம்மா எழுத்துக்கா" என்றாள்.