ஃபால்கன்-1: திரும்பி வராத முதல் அடுக்கு

இராக்கெட்டில் எரிவது என்ன என்று கேட்டால், பெயர் தெரியாத ஏதோ ஓர் அரிய இரசாயனப் பொருள் என்றே பலரும் எண்ணுவர். நாம் இங்குக் காணப்போகும் இராக்கெட்டில் எரிந்தது, நன்கு தூய்மை செய்யப்பட்ட மண்ணெண்ணெய்தான். அதை எரிப்பதற்குத் திரவ ஆக்ஸிஜன். ஓர் இராக்கெட்டின் மொத்தச் செலவில் இவ்விரண்டின் பங்கு மிகச் சொற்பம். எஞ்சினும் தொட்டிகளும் மின்னணுக் கருவிகளுமே விலையை உயர்த்துகின்றன. அவையோ ஒரே ஒரு தடவை, அதுவும் சில நிமிடங்கள் உழைத்துவிட்டுக் கடலில் விழுந்து போகின்றன. விழுவதை மீட்டு மறுபடியும் ஏவினால் என்ன? இக்கேள்வியை மனத்திற்கொண்டு கட்டப்பட்ட ஒரு சிறிய இராக்கெட்டின் வரலாற்றைப் பார்ப்போம்.

2002-ஆம் ஆண்டில் எலான் மஸ்க் என்பவர் கலிபோர்னியாவில் ஸ்பேஸ்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் இராக்கெட்டுக்கு ஃபால்கன்-1 என்று பெயர். உயரம் ஏறத்தாழ 21 மீட்டர், குறுக்களவு 1.7 மீட்டர். இரண்டே அடுக்குகள். கீழடுக்கில் மெர்லின் என்ற எஞ்சின் ஒன்று. மேலடுக்கில் கெஸ்ட்ரல் என்ற சிறிய எஞ்சின் ஒன்று. (மூன்றுமே வல்லூறு இனப் பறவைகளின் பெயர்கள்.) சில நூறு கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட, தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட கட்டணம் சுமார் 60 இலட்சம் டாலர். அக்காலத்து அமெரிக்கச் சந்தையில் இது மிகக் குறைந்த விலை. முதல் அடுக்கு தன் வேலை முடிந்ததும் பாராசூட்டில் கடலில் இறங்கும். கப்பல் அதை எடுத்து வரும். பழுது பார்த்து மறுபடி ஏவலாம் என்பது திட்டம். இரண்டாம் அடுக்கை மீட்கும் எண்ணமே இல்லை. ஆகவே இது பகுதியளவு மட்டும் மீண்டும் பயன்படும் இராக்கெட்.

ஏன் இரண்டாம் அடுக்கை விட்டுவிட்டார்கள்? காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரியும் நேரத்தில் முதல் அடுக்கின் வேகம் வினாடிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல். 2 என்றே வைத்துக்கொண்டாலும், அதன் ஒவ்வொரு கிலோகிராமிலும் உள்ள இயக்க ஆற்றல் 20 இலட்சம் ஜூல். அறை வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ அலுமினியத்தைச் சூடாக்கி முழுவதும் உருக்க ஏறத்தாழ 10 இலட்சம் ஜூல் போதும்! சுற்றுப்பாதையை அடையும் இரண்டாம் அடுக்கின் வேகமோ வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அங்கே ஒவ்வொரு கிலோவிலும் 14 மடங்கு ஆற்றல். இந்த ஆற்றலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதில் போய்விடும்; எனினும் எஞ்சும் சிறு பங்கே மெல்லிய அலுமினியத் தொட்டிக்கு எமனாக முடியும். முதல் அடுக்கை மீட்பதும் எளிதன்று என்பது இக்கணக்கிலேயே தெரிகிறது.

தொட்டி மெல்லியது என்றேன். எடையைக் குறைக்க வேண்டி ஃபால்கன்-1-இன் முதல் அடுக்குச் சுவர்கள், ஓரளவுக்கு உள்ளிருக்கும் அழுத்தத்தாலேயே விறைப்பாக நிற்கும்படி அமைக்கப்பட்டன. காற்றடித்த கால்பந்தின்மீது ஏறி நிற்கலாம். காற்று இறங்கிய பந்தின்மீது நிற்க முடியுமா? இந்த உண்மை இந்த இராக்கெட்டை இரு முறை சோதித்தது.

முதலில் கலிபோர்னியாவிலுள்ள வாண்டன்பர்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஏவுவதாக இருந்தது. 2005 மே மாதத்தில் அங்கே எஞ்சினை எரித்தும் பார்த்தார்கள். ஆனால் பக்கத்தில் விலையுயர்ந்த இராணுவச் செயற்கைக்கோளுடன் ஒரு டைட்டன் இராக்கெட் காத்திருந்தது. புதிய நிறுவனத்தின் புதிய இராக்கெட் அதன் தலைமீது பறப்பதை யார் விரும்புவார்கள்? எனவே அவர்கள் பசிபிக் பெருங்கடலின் நடுவே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலின் பவளத் தீவுக்கூட்டத்துக்குச் சென்றார்கள். அங்கே ஓமலெக் என்ற சின்னஞ்சிறு தீவு. பரப்பு மூன்று ஹெக்டேருக்குச் சற்றே அதிகம். நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகை வடக்கே இருப்பதால் பூமியின் சுழற்சி வேகம் இராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும். இலவசமாகக் கிடைத்த இன்னொன்று, உப்புக் காற்று.

2005 டிசம்பரில் காற்று பலமாக வீசியதால் ஏவுதல் நிறுத்தப்பட்டது. எரிபொருளைத் திரும்ப வெளியேற்றும்போது வால்வு ஒன்று பழுதாகி, தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாயிற்று. சுவர் உள்நோக்கி நெளிந்தது. வேறு முதல் அடுக்கு கொண்டுவர வேண்டியதாயிற்று.

2006 மார்ச் 24 அன்று முதல் இராக்கெட் கிளம்பியது. அரை நிமிடத்துக்குள் எஞ்சின் அருகே தீப்பிடித்தது. இராக்கெட் ஏவுதளத்தின் பக்கத்திலேயே கடற்பாறையில் விழுந்தது. அதில் இருந்த மாணவர் செயற்கைக்கோள் தனியே பறந்து, தீவிலிருந்த ஒரு கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. எரிபொருள்க் குழாயை இணைத்த ஓர் அலுமினிய நட்டு உப்புக் காற்றில் அரிக்கப்பட்டு விரிந்திருந்ததே காரணம். அடுத்த இராக்கெட்டில் துருப்பிடிக்காத எஃகு நட்டுகள் இடம் பெற்றன.

2007 மார்ச் 21. இம்முறை முதல் அடுக்கு நன்றாகவே உழைத்தது. இரண்டாம் அடுக்கு 289 கி.மீ. உயரம் வரை சென்றது. ஆனால் அதன் தொட்டியில் இருந்த திரவ ஆக்ஸிஜன் தளும்பத் தொடங்கி, ஆட்டம் வளர்ந்து, இராக்கெட் பம்பரமாகச் சுழன்று, எஞ்சின் அணைந்தது. குடத்து நீர் தளும்பாமல் இருக்க மேலே இலைக்கொத்தைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களை நீங்கள் கண்டிருக்கலாம். இராக்கெட் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்யும் தடுப்புத் தகடுகள் பல ஆண்டுகளாக அறியப்பட்டவை. எடை கூடும் என்று அவற்றை இங்கே விட்டுவிட்டார்கள். இந்தத் தோல்விக்கு என்னால் அதிகம் இரங்க முடியவில்லை.

மூன்றாவதன் கதை வேறு. பௌதிகம் படிக்கும் மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் இரு இராக்கெட்டுகளிலும் மெர்லின் எஞ்சினின் உட்சுவர், வெப்பத்தில் சிறிது சிறிதாகக் கருகித் தேயும் பொருளால் ஆனது. தேயும் பொருள் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். ஆனால் தேய்ந்துபோகும் எஞ்சினை எத்தனை முறைதான் திரும்பப் பயன்படுத்துவது? மூன்றாவது இராக்கெட்டில் புதிய எஞ்சின் வந்தது. அதன் சுவரில் நுண்ணிய வாய்க்கால்கள். மண்ணெண்ணெய் எரியப் போகுமுன் அவற்றின் வழியே ஓடிச் சுவரைக் குளிர்விக்கும். மறுபயன்பாட்டுக்கு ஏற்றது இத்தகைய எஞ்சினே.

2008 ஆகஸ்டு 3 அன்று அது கிளம்பிற்று. இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே மேல் குறையின்றி எரிந்து, குறித்தபடி அணைந்தது. ஒன்றரை வினாடி கழித்து அடுக்குகள் பிரிந்தன. பிரிந்த முதல் அடுக்கு பின்தங்கிப் போவதற்கு மாறாக, முன்னோக்கி வந்து இரண்டாம் அடுக்கின்மீது மோதியது. அணைந்துபோன எஞ்சினுக்கு உந்துவிசை எங்கிருந்து வந்தது?

எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த வாய்க்கால்களில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தங்கியிருந்தது. அது கசிந்து வந்து எரிந்ததில் எரிகலத்தில் சிறிது அழுத்தம் நீடித்தது. எவ்வளவு தெரியுமா? கடல் மட்டத்து வளியழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தரையில் எஞ்சினைச் சோதித்தபோது வெளியேயுள்ள காற்றின் அழுத்தம் இதைவிட அதிகம். ஆகவே எஞ்சின் முற்றிலும் அணைந்ததாகவே கருவிகள் காட்டின. வளிமண்டலத்துக்கு மேலேயோ எதிர்த்து நிற்கக் காற்றே இல்லை. அந்தச் சிறு அழுத்தம் முழுவதும் உந்துவிசை ஆயிற்று. எரிபொருள் தீர்ந்த அடுக்கின் நிறையும் குறைவு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, சிறிய விசையே போதுமான முடுக்கத்தைத் தந்துவிட்டது. நாம் எப்போதும் காற்றுக் கடலின் அடியில் நின்றே சோதனை செய்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். இதைக் கவனக்குறைவு என்று கூறிவிட எனக்கு மனம் வரவில்லை.

பரிகாரம் என்ன? இராக்கெட்டில் ஓர் ஆணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்துவதற்கும் அடுக்குகளைப் பிரிப்பதற்கும் இடையே சில வினாடிகள் கூடுதலாகக் காத்திருந்தால் போதும்.

ஆனால் மஸ்க் ஏறத்தாழ மூன்று ஏவுதல்களுக்கே பணம் ஒதுக்கியிருந்தார். அவ்வாண்டு உலகப் பொருளாதாரமும் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் இராக்கெட்டுக்கு மட்டும் பாகங்கள் இருந்தன. கப்பலில் அனுப்ப அவகாசமின்றி முதல் அடுக்கை இராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றினார்கள். தகர டப்பாவில் நீரைக் கொதிக்கவைத்து, இறுக மூடிக் குளிரவிட்டால் டப்பா நசுங்குவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். விமானம் ஹவாயில் இறங்கத் தொடங்கியபோது அதுவே நடந்தது. அறையின் காற்றழுத்தம் ஏறிற்று. தொட்டிக்குள் காற்று அதே விரைவில் புக வழியில்லை. இராக்கெட் எல்லார் கண்முன்னும் ஓசையுடன் நெளிந்தது. விமானிகள் மறுபடி மேலே ஏறினார்கள். பொறியாளர்கள் அவசரமாக அடைப்புகளைத் திறந்து காற்றை உள்ளே விட்டார்கள். கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பாமல், தீவிலேயே பிரித்து ஒரு வார அளவில் சரிசெய்தார்கள்.

2008 செப்டம்பர் 28 அன்று நான்காவது ஃபால்கன்-1, 165 கிலோ எடையுள்ள ஒரு போலிச் சுமையைச் சுற்றுப்பாதையில் விட்டது. தனியார் முயற்சியில் உருவாகிச் சுற்றுப்பாதையை எட்டிய முதல் திரவ எரிபொருள் இராக்கெட் இதுவே. 2009 ஜூலையில் ஐந்தாவது, மலேசியாவின் ராசாக்சாட் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. அத்துடன் ஃபால்கன்-1 ஓய்வு பெற்றது.

மறுபயன்பாடு என்ன ஆயிற்று? ஐந்தில் ஒன்றின் முதல் அடுக்குகூடப் பயன்படும் நிலையில் கைக்கு வரவில்லை. பெரிய ஃபால்கன்-9 இராக்கெட்டிலும் 2010-இல் இருமுறை பாராசூட்டை நம்பினார்கள். அது விரியும் முன்பே அடுக்கு காற்றில் சிதைந்தது. நம் ஜூல் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? பிறகு பாராசூட்டைக் கைவிட்டு, எரிபொருளில் ஒரு பங்கை மிச்சம் வைத்து, எஞ்சினையே மறுபடி எரித்து வேகத்தைக் குறைத்தார்கள். 2015 டிசம்பரில் முதல் அடுக்கு தரையில் நின்றபடி இறங்கியது. 2017 மார்ச் 30-இல், முன்பே பறந்த அடுக்கொன்று இரண்டாம் முறை செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது.

ஆனால் ஃபால்கன்-9 ஐந்நூறு டன்னுக்கு மேற்பட்ட பெரிய இராக்கெட். இறங்குவதற்கான எரிபொருளையும் கால்களையும் அது சுமந்தாலும் செயற்கைக்கோளுக்கு எடை மீதமிருக்கும். சில நூறு கிலோவே தூக்கும் சிறிய இராக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நியூசிலாந்திலிருந்து பறக்கும் எலெக்ட்ரான் என்ற 18 மீட்டர் இராக்கெட்டைக் கட்டிய ராக்கெட் லேப் நிறுவனத்தார் பாராசூட்டுக்கே திரும்பினார்கள். அவர்களுடைய முதல் அடுக்கின் உடல் கரியிழையால் ஆனது. அடுக்கு சரியான கோணத்தில் காற்றில் நுழையுமாறு திருப்பி, 2020 நவம்பரில் அதைக் கடலில் மெதுவாக இறக்கினார்கள். 2022 மே மாதத்தில், பாராசூட்டில் தொங்கி வந்த அடுக்கை ஹெலிகாப்டர் ஒன்று கொக்கியால் பிடித்தது. பாரம் எதிர்பார்த்தபடி அமையாததால் விமானி அதைக் கடலில் விட்டுவிட்டார். 2023 ஆகஸ்டில் கிளம்பிய எலெக்ட்ரானின் ஒன்பது எஞ்சின்களில் ஒன்று, அதற்கு முன் ஒரு முறை பறந்து கடலிலிருந்து மீட்கப்பட்டதாகும்.