குறிப்பு ஒத்திசைவு: மேசைக் கணினியும் மடிக்கணினியும்

குறிப்பு ஒத்திசைவு என்பது, ஒருவர் தம் மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் எழுதி வைக்கும் குறிப்புகள், அவற்றுள் எதில் எப்பொழுது திருத்தப்பட்டாலும், முடிவில் இரண்டிலும் ஒரே வடிவத்தில் நிலைபெறுமாறு செய்யும் முறையாகும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பிரதி அனுப்புவது இதில் சுலபமான காரியம். இரு பிரதிகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே மாறிவிட்ட பின்னர், எந்த மாற்றத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பதே கஷ்டமான காரியம். இத்துறையின் நாற்பதாண்டுச் சரித்திரம் பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தைப் பற்றியதே.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் வெள்ளானூர், திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு வடக்கே, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலைக்கு அருகே உள்ள ஊர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும், அருகிலுள்ள வேல்டெக் முதலிய கல்லூரிகளுக்கும் மக்கள் நாள்தோறும் சென்று திரும்பும் இத்தகைய ஊர்களில், வீட்டில் நிலையாக நிற்கும் கணினி ஒன்றும் தோள்பையில் பயணம் செய்யும் கணினி ஒன்றும் சேர்ந்து வழங்குவது இயல்பாகிவிட்டது. இந்த நிலைமைக்கு அரசாங்கமும் ஒரு காரணம். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது இதே மாவட்டத்தின் காக்களூரில்தான். ஏற்கெனவே மேசைக் கணினி இருந்த பல வீடுகள் அத்திட்டத்தினாலேயே முதன்முறையாக இரு கணினிகள் உள்ள வீடுகளாயின. தொடக்கத்தில் வழங்கப்பட்ட யந்திரங்களில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. இந்த இரட்டை ஏற்பாடு ஒத்திசைவுக்கு எப்படி இடையூறாகக்கூடும் என்பது பின்னே கூறப்படும்.

அடுத்த ஆண்டு வந்த மின்வெட்டு இரு கணினிகளின் சுபாவ வேற்றுமையை நன்றாக எடுத்துக்காட்டிற்று. 2012-இல் சென்னை மாநகரில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும் வெளியூர்களில் அதனினும் மிகுதியாகவும் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில், யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினி எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தோடு அணைந்து போக, மடிக்கணினியோ தன் மின்கலத்தின் பலத்தால் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. வீட்டு இணையமும் மின்சாரத்தோடு போய்விட்டபடியால் அந்த எழுத்து வேறெங்கும் செல்ல வழியில்லை. ஆகவே இரண்டு யந்திரங்களும் எப்பொழுதும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்ட எந்த முறையும் இந்தப் பிரதேசத்தில் பயன்படாது. தொடர்பு அறுந்திருப்பதையே இயல்பு நிலையாகக் கொண்டு யோசித்தவர்களின் வழிதான் பயன்படும்.

அவ்வாறு யோசித்தவர்களுள் முதன்மையானவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1975-இல் இளநிலைப் பட்டமும் 1977-இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கும் மகாதேவ் சத்தியநாராயணன். 1987-இல் அவர் தொடங்கிய கோடா என்னும் கோப்பு முறைமை, பயனருக்கு வேண்டியிருக்கக்கூடிய கோப்புகளைத் தொடர்பு இருக்கும்போதே மடிக்கணினியில் சேகரித்து வைத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்ததும் அந்தச் சேகரத்தைக் கொண்டே, மைய யந்திரம் எதிரில் இருப்பதுபோல் வேலையைத் தொடர விடும். தொடர்பு மீண்டதும் இடையில் நடந்தவற்றைக் குறித்து வைத்த பட்டியலை மையத்தில் சேர்ப்பிக்கும். 1991-இல் ஜேம்ஸ் கிஸ்ட்லருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. தம் சர்வகலாசாலையின் கோப்புகளை அளந்து பார்த்ததில், வெவ்வேறு இருவர் ஒரே கோப்பை ஒரு நாளுக்குள் திருத்துவதற்கான வாய்ப்பு 0.75 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை என்று அவர்கள் கண்டார்கள். திருத்துமுன் பூட்டி வைக்க வேண்டியதில்லை, மோதல் நேர்ந்தால் அப்பொழுது பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு அந்த அளவீட்டிலிருந்து பிறந்தது. ஆனால் வீட்டுக் குறிப்பேட்டுக்காரர் அந்த எண்ணைக் கண்டு முழு ஆறுதல் கொள்வதற்கில்லை. அங்கே கணக்கிடப்பட்டவர்கள் இரு வேறு மனிதர்கள். இங்கோ எழுதுகிறவர் ஒருவரே, காலையில் பட்டாபிராம் ரயிலில் திருத்திய அதே குறிப்பை, அது வந்து சேர்ந்ததா என்று பாராமலே, மாலையில் வீட்டு மேசையில் மறுபடி திருத்துகிறவர்.

மோதலைத் தீர்ப்பதற்குச் சாதாரணமாகக் கையாளப்படும் உபாயம், கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதையே மெய்ப்பிரதியாகக் கொள்வது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதி, இரண்டு யந்திரங்களின் கடிகாரங்களும் உண்மை பேசும் என்ற நம்பிக்கையைச் சார்ந்தது. அந்த நம்பிக்கைக்கோ ஆதாரம் குறைவு. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய மேசைக் கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பென்டிரைவில் வழங்கும் பழைய ஃபேட் வடிவமைப்போ கோப்பு திருத்தப்பட்ட நேரத்தை இரண்டிரண்டு வினாடிகளாகவே பதிவு செய்யும். இரு இயக்க முறைமைகள் ஏறிய மடிக்கணினியின் விஷயம் இன்னும் விசித்திரமானது. விண்டோஸ் யந்திரத்தின் உட்கடிகாரத்தை உள்ளூர் நேரமென்றே கொள்கிறது. லினக்ஸ் வகைகள் பொதுவாக அதைச் சர்வதேசப் பொது நேரமென்று கொண்டு, இந்திய நேரத்துக்காக அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டுகின்றன. இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைத்துத் திருந்தாத வரையில், விண்டோஸ் வைத்துச் சென்ற கடிகாரத்தோடு லினக்ஸில் காலை 9 மணிக்கு எழுதப்பட்ட குறிப்பு பிற்பகல் 2.30 என்ற முத்திரையைப் பெறும். அதே குறிப்பில் முற்பகல் 11 மணிக்கு மேசைக் கணினியில் செய்த திருத்தம், உண்மையில் பிந்தியதாயிருந்தும், பழையதென்று தள்ளப்பட்டு அழியும். அழிந்ததை அறிவிக்கும் ஒரு சொல்கூடத் திரையில் தோன்றாது என்பதுதான் இந்த விதியின் பெரும் தோஷம்.

கடிகாரத்தை நம்பாமல் முன்பின் அறிவது எப்படி என்ற கேள்விக்கு லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் அடிகோலினார். அவ்வழியில் வளர்ந்த பதிப்பு எண் வரிசை என்னும் உத்தி இன்று சிங்க்திங் முதலிய மென்பொருள்களில் பயன்படுகிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் மேசைக்கு ஓர் எண்ணும் மடிக்கு ஓர் எண்ணுமாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டு, எந்த யந்திரம் திருத்துகிறதோ அது தன் எண்ணை மட்டும் ஒன்று கூட்டும். இரண்டிலும் 5, 3 என்றிருந்த ஜோடி, மேசையில் திருத்திய பின் அங்கே 6, 3 ஆகிறது. மடியில் இன்னும் 5, 3. எந்த எண்ணிலும் குறையாமல் ஒன்றில் கூடியிருப்பதால் மேசைப் பிரதியே புதியது என்பது ஐயமற நிச்சயம். மடியிலும் அதற்கிடையே திருத்தம் நடந்து 5, 4 ஆகியிருந்தாலோ, ஒவ்வொன்றும் ஓர் எண்ணில் முந்தியும் மற்றோர் எண்ணில் பிந்தியும் நிற்கும். இது மோதல் என்று எவ்வளவு தவறான கடிகாரத்திலும் கண்டுகொள்ளலாம்.

கண்ட மோதலை என்ன செய்வது? டிராப்பாக்ஸும் சிங்க்திங்கும் ஒரு பிரதியை அப்படியே விட்டு, மற்றதை வேறு பெயரிட்டுப் பக்கத்தில் வைக்கின்றன. கோப்புறையில் ஒரே குறிப்பு இரண்டாகத் தோன்றுவதைக் கண்டு பயனர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆயினும் இதுவே யோக்கியமான முறை. ஏடுகளை ஒப்பு நோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் மரபிலே, இரு சுவடிகள் வேறுபட்ட இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதைப் பாடபேதமென்று அடிக்குறிப்பில் காட்டுவார்களே தவிர, புதிய சுவடியை வைத்துக்கொண்டு பழையதை அடுப்பிலிடுவதில்லை. வரிவரியாக ஒப்பிட்டு, மோதாத திருத்தங்களைத் தானே இணைக்கும் முறைகளும் உண்டு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் அவற்றுள் பிரசித்தமானது. நிரலாளர்களுக்கு அது கைவந்த கருவி; மற்றவர்களுக்கு மளிகைக் கணக்கை எழுத அத்தனை சடங்கு வேண்டியதில்லை.

நீக்கம் பற்றியும் ஒரு சொல். ஒரு குறிப்பு மேசையில் இருக்கிறது, மடியில் இல்லை என்றால், அது மேசையில் புதிதாக எழுதப்பட்டதா, மடியில் நீக்கப்பட்டதா? இப்போதைய நிலையை மட்டும் பார்ப்பவருக்கு விடை கிடையாது. முந்தைய ஒத்திசைவில் என்ன இருந்தது என்ற நினைவைப் பாதுகாக்கும் யூனிசன் போன்ற மென்பொருள்களே இதை அறியும். 1996-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆர்சிங்க், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் சாதுரியம் மிக்கதாயினும், ஒரு திசைக் கருவியாகையால் இந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை.

தமிழில் குறிப்பெழுதுவோருக்கு நேரும் தொல்லைகள் தனி வகுப்பைச் சேர்ந்தவை; பிறமொழிக் கையேடுகளில் இவற்றைக் காண்பது அரிது. முதலாவது, யூனிகோடில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் எழுதப்படலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகள் 2017-இல் புதிய கோப்பு முறைமைக்கு மாறும்வரை கோப்புப் பெயர்களைப் பிரித்தே பதிவு செய்தன; லினக்ஸோ தட்டியதைத் தட்டியபடியே வைத்துக்கொள்கிறது. ஆகவே 'கோயில்' என்ற பெயரில் இரு கோப்புகள் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்து நிற்பது சாத்தியமாயிற்று. சிங்க்திங் இந்த வேற்றுமையைத் தானே சரி செய்கிறது. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிக் 'கெளரி' என்று எழுதுபவரின் பிழையை எந்த மென்பொருளும் அறியாது. அது 'கௌரி'யினின்று வேறான பெயராகவே என்றும் இருக்கும்.

இரண்டாவது, பெயரின் நீளம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்கிறது. 'கணினி' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகளும் 15 பைட்டும் ஆகும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. எனவே தமிழுக்குக் கிடைப்பது 85 குறியீடுகள். விண்டோஸோ 255 குறியீடுகள் வரை இடம் தரும். குறிப்பின் முதல் வரியையே பெயராக்கும் செயலிகளில், விண்டோஸ் மேசையில் பிறந்த நீண்ட தமிழ்த் தலைப்பு லினக்ஸ் மடிக்கணினிக்குள் நுழைய முடியாமல் வாயிலிலேயே நிற்பது இதனால்தான். 1990-களின் இறுதியில் திஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களில் எழுதி வைத்த பழைய குறிப்புகளுக்கு வேறொரு கதி: ஒத்திசைவு அவற்றை ஓர் இம்மியும் பிசகாமல் கொண்டு சேர்க்கும், ஆனால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு வரியும் படிக்க வராது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்; அதற்கு முந்திய குறிப்புகளை ஒத்திசைவில் சேர்க்குமுன் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

இனி, குறிப்புகளைத் தம் கிடங்கில் வைத்து ஒத்திசைத்துத் தரும் சேவைகள். எவர்நோட் 2016-இல் இலவசப் பயனர்களுக்கு இரண்டு சாதனங்களே என்று வரம்பிட்டது. 2023 டிசம்பரில் குறிப்புகளை ஐம்பதாகக் குறைத்தது. உபுண்டு ஒன் 2014-இல் மூடியே போயிற்று. வெளிவட்டச் சாலையின் தென்கோடியான வண்டலூருக்கு அப்பால், கூடுவாஞ்சேரியை அடுத்து வளாகம் அமைத்துள்ள ஸோஹோ நிறுவனம் 2016 முதல் தன் நோட்புக் செயலியை இலவசமாக வழங்கிவருகிறது; வெள்ளானூர் வாசிகளுக்கு அண்டை அயலார் சரக்கு என்று சொல்லத்தக்கது. எனினும் அண்டையில் இருப்பதனால் பிறர் கிடங்கு நம் கிடங்கு ஆகிவிடாது. சாதாரண உரைக்கோப்புகளாக எழுதி, 2013-இல் வெளிவந்த சிங்க்திங்கின் வாயிலாக இரு கணினிகளையும் வீட்டு வைஃபையிலேயே நேரே பிணைப்பதுதான் இவ்வூர் நிலைமைக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். இணையம் இல்லாத மாலையிலும் அது வேலை செய்யும். இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை.

ஒத்திசைவைக் காப்புப் பிரதியென்று எண்ணுவது பரவலான பிரமை. மடிக்கணினியில் தவறி நீக்கிய குறிப்பை மேசையிலிருந்தும் நீக்குவதே ஒத்திசைவின் கடமை. அதை அது சில வினாடிகளில் நிறைவேற்றிவிடும். சிங்க்திங்கில் பழைய வடிவங்களைச் சேமிக்கும் வசதி உண்டு. ஆனால் அது தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது, கோப்புறை ஒவ்வொன்றுக்கும் பயனரே அமைப்புப் பகுதிக்குச் சென்று அதை இயக்க வேண்டும். இயக்கிய பின்னரும் மற்றக் கணினியிலிருந்து வந்து சேரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்துமாகையால், இரண்டு கணினிகளிலும் தனித்தனியே இயக்கி வைத்தல் வேண்டும்.