அபின் பதிவேடும் மருத்துவ ஆய்வும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடலே உண்டு. இக்கரையின் போதைப்பொருள் வரலாற்றைச் சுங்கத்தினதும் பொலிசினதும் வரலாறாகவே எழுதுவது நம் வழக்கம். கேரளக் கஞ்சா கைப்பற்றப்பட்ட செய்திகள் அடிக்கடி வருவதால் அது இயல்பே. ஆயின் அப்பழக்கத்திற்கு ஆட்பட்டோரின் மருத்துவம் பற்றிய வரலாறும் ஒன்றுண்டு.

1910ஆம் ஆண்டின் அபின் கட்டளைச் சட்டம், அபின் உண்போரைப் பதிவேட்டிற் சேர்த்து, அரசின் வழியாகவே அவர்க்கு அபின் கிடைக்கச் செய்தது. சுதேச வைத்தியரும் பதிவு பெற்றனர். உண்போனைக் குற்றவாளியாக்காது அளந்து கொடுத்த அம்முறை வியப்புக்குரியது. எனினும் அதன் நோக்கம் வழங்கலைக் கட்டுப்படுத்துதலே. உண்டவர் நலமடைந்தாரா என ஆராய அது வகுக்கப்படவில்லை.

அவ்வாராய்ச்சியை நியூயோர்க்கில் மருத்துவர் டோலும் நைசுவாண்டரும் மேற்கொண்டு, 1965இல் முடிவுகளை வெளியிட்டனர். ஹெரோயினுக்கு ஆட்பட்ட 22 பேருக்கு அவர்கள் மெதடோனை நாள்தோறும் கொடுத்தனர். வேட்கை தணிந்தது, பலர் கல்விக்கும் தொழிலுக்கும் மீண்டனர். ஒரு போதைக்கு மாற்றாக இன்னொன்றா என ஐயுற்றோரைக் குறைகூற முடியாது. 1898இல் ஹெரோயினும் இருமல் மருந்தாகத்தானே விற்பனைக்கு வந்தது! பின்வந்த ஒப்பீட்டாய்வுகளே மெதடோனின் பயனை நிறுவின. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் புப்பிரநோபினையும் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இலங்கையிலோ 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. பதிவேடு இருந்த இடத்தில் நீதிமன்ற ஆணை வந்தது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஹெரோயினுக்கு ஆட்பட்ட இளைஞனொருவனுக்கு அவ்வாணை பயன் தருமா, நாளொரு மாத்திரை பயன் தருமா என்பது இம்மண்ணிலேயே ஆராய்ந்தறிய வேண்டிய வினாவாகும்.