பிரேசில் நட்: காட்டை விட்டு வராத கொட்டை



தினமும் ஐந்தாறு பிரேசில் நட் சாப்பிட்டால் தைராய்டு சரியாகிவிடும் என்று நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. முதலில் அதை முடித்துவிடுகிறேன். இந்தக் கொட்டையில் செலினியம் என்ற தாது மிக அதிகம். தைராய்டு சுரப்பிக்கு அது வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம்தான். ஒரே ஒரு கொட்டையிலேயே அவ்வளவும் கிடைத்துவிடலாம். மரம் நிற்கும் மண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். நெடுநாள் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். ஒன்று போதும். டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நம் ஜனங்கள் கப்பலேறிப் போய் மலாயாவில் பால்மரம் சீவினார்கள். அந்த ரப்பர் சந்தைக்கு வந்ததும், 1912 வாக்கில் அமேசான் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. அங்கே காட்டுக்குள் பால் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குக் கைகொடுத்தது இந்தக் கொட்டைதான்.

ரப்பரைப் போல இதை எளிதாகத் தோட்டப் பயிராக்க முடியவில்லை. இன்றும் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி காட்டில் பொறுக்கியதுதான். மரம் 50 மீட்டர் வரை வளரும். பூவை மூடியிருக்கும் இதழ்களைத் தள்ளிக்கொண்டு நுழைய, வலுவான பெரிய காட்டு வண்டுத் தேனீக்களால்தான் முடியும். காய் முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். ஓடு தேங்காய்ச் சிரட்டையைவிடக் கெட்டி. உள்ளே 10 முதல் 25 கொட்டைகள் ஆரஞ்சுச் சுளைபோல அடுக்கியிருக்கும். அகூத்தி என்ற பெரிய எலி மாதிரியான பிராணி அந்த ஓட்டைக் கடித்துத் திறந்து, தின்றது போக மீதியைப் புதைத்து வைக்கும். அது மறந்துபோனவைதான் முளைக்கும்!

மழைக்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, காய் தானாக விழும். யாரும் மரம் ஏறுவதில்லை. இரண்டு கிலோ காய் அந்த உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் உயிர் போய்விடும். அதனால் காற்றடிக்கும்போது மரத்தடிக்குப் போகமாட்டார்கள். விழுந்ததைப் பொறுக்கி, வெட்டுக்கத்தியால் உடைத்து, கொட்டையை முதுகில் சுமந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் கையில் காசு பார்த்தவர்கள் குறைவு. வியாபாரி முன்கூட்டியே மாவு, உப்பு, துணி எல்லாம் கடனாகக் கொடுப்பான். கொட்டைக்கும் அவனே விலை வைப்பான். கங்காணியிடம் கடன்பட்ட குடும்பங்களின் கதை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1970களில் ராணுவ அரசு காட்டுக்குள் சாலை போட்டது. கூடவே மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். ஆக்ரி மாநிலத்து ஷாபுரி ஊரில், ரப்பர் தொழிலாளியான சிக்கோ மென்டிஸும் தோழர்களும் பெண்டு பிள்ளைகளோடு போய் மரமறுக்கும் ஆட்கள் முன்னால் நின்றார்கள். காடு அரசின் சொத்தாக இருக்கட்டும், ரப்பரும் கொட்டையும் எடுத்துப் பிழைக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1988 டிசம்பர் 22 அன்று அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 44. ஒரு பண்ணைக்காரரும் அவர் மகனும் 1990இல் தண்டனை பெற்றார்கள். அதே ஆண்டு சுமார் 9,70,000 ஹெக்டேர் காடு அவர் பெயரில் அந்த மக்களுக்காக ஒதுக்கப்பட்டது.

இந்த மரத்தை வெட்டக் கூடாது என்று பிரேசிலில் சட்டமும் இருக்கிறது. எனக்கு அது பாதிச் சட்டமாகத்தான் படுகிறது. ஒரு காலத்தில் கொட்டைக்குப் பேர்போன மாராபா பக்கம், சுற்றியுள்ள காட்டை எரித்துப் புல் விதைத்தார்கள். இந்த மரங்களை மட்டும் விட்டார்கள். காடு போனதும் தேனீயும் குறைந்தது. மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் மரங்கள் சரியாகக் காய்ப்பதில்லை; பல நின்றபடியே பட்டுப்போயின. பருப்பாக ஏற்றுமதி செய்வதில் இன்று முதலிடம் பிரேசிலுக்கு இல்லை, பக்கத்து நாடான பொலிவியாவுக்கு.